ரஃப் நோட்டில் இருக்கும் ‘ரஃப்’

ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் நோட்டுகளுக்கு அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி எடுத்து வருவார்கள். சென்ற ஆண்டு அப்படி அடுக்கி வைத்த நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் அழகான எழுத்தில் இருந்தன. பாடம் என்ற இடத்தில் மட்டும் ஆர், யூ, பி என்று மூன்று எழுத்துகள். அதை அடுத்து ‘நோட்’. அதாவது, ‘ரப் நோட்’.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “தப்பா எழுதினா அழிச்சி அழிச்சி எழுதிக்கலாம் மிஸ். அதனாலதான் அது ரப் நோட்டு” என்றான். சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ‘ரப்’ என்றால் தேய்த்தல். தேய்த்து அழிப்பதால்தான் ‘ரப்பர்’ என்ற பெயரே வந்தது. பென்சில் கோட்டை அழிக்க அந்தப் பொருள் நன்கு உதவுகிறது என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770-இல் எழுதி வைத்தார். செய்யும் வேலையே பொருளுக்குப் பெயராகிவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து காதால் மட்டுமே கேட்டுவந்த ஒரு சொல்லுக்கு, தனக்குத் தெரிந்த இன்னொரு சொல்லை வைத்து இந்தப் பையன் பொருள் கண்டுபிடித்திருக்கிறான். நம் பேச்சில் ‘ஃப்’ எளிதாக ‘ப்’ ஆகிவிடுகிறது. நாம் ‘ரஃப் நோட்டை எடு’ என்று சொல்வது அவர்கள் காதில் ‘ரப்பு நோட்ட எடு’ என்று விழுகிறது. பல நேரம் நாமே அப்படித்தான் சொல்கிறோம்.

அன்றைக்கு நடத்த வேண்டியிருந்த பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு வகுப்பு முழுவதையும் கேட்டேன்: ‘ரஃப்’ என்றால் என்ன? ‘அசிங்கமா எழுதுறது’ என்றாள் ஒருத்தி. ‘வேகமா எழுதுறது’ என்றான் இன்னொருவன். ‘மிஸ் திருத்தாத நோட்டு’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் பதில் எனக்கானது, வாங்கிக்கொண்டேன். தொட்டுப் பார்த்து அறியும் ஒரு தன்மையைக் குறிக்கும் சொல் அது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஐந்தாண்டுகளாக நாள்தோறும் வாயில் புழங்கும் சொல் இது.

நம் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளும் பதினொன்றாம் வகுப்பும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. அதன்பிறகு இந்த மாதிரிச் சின்னச் சொற்கள் ஆங்கிலப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. அறிவியலில் உணவைப் பற்றிப் படிக்கும்போது நார்ச்சத்துக்கு ‘ரஃபேஜ்’ என்று வருகிறது. உராய்வு பற்றிப் படிக்கும்போது ரஃப் ஆன பரப்பு, ஸ்மூத் ஆன பரப்பு என்று வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் செல் பாடத்துக்குப் போனால் ‘ரஃப் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்’. கணக்கில் ரஃப் ஒர்க், வடிவியலில் ரஃப் டயகிராம், கடலோர வானிலை அறிக்கையில் ரஃப் ஸீ. நாம் ஒவ்வொருவரும் அவரவர் பாடத்தில் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இவை எல்லாம் ஒரே சொல் என்பதே மாணவருக்குத் தெரியாமல் போகிறது. அதனால் ஆறு சொற்களை ஆறு முறை மனப்பாடம் செய்கிறார்கள்.

தொட்டால் தெரிவது

சொல்லின் அடிப்பொருள் கையில் இருக்கிறது. மேற்பரப்பு சமமாக இல்லாமல், தடவினால் விரலில் தட்டுப்பட்டு உறுத்துவது ரஃப். தமிழில் சொரசொரப்பு. உப்புத்தாள், தேங்காய் மட்டை, பலாப்பழத்தின் தோல், பூசாத சிமெண்ட் சுவர் ஆகியவை எளிய எடுத்துக்காட்டுகள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘முடி அடர்ந்த’, ‘சீவிச் சீராக்கப்படாத’ என்ற பொருள்களும் இருந்தன. சொரசொரப்பு, முடியடர்த்தி, சீராக்கப்படாமை என்று மூன்றையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், ‘முடிக்கப்படாத’ என்ற பொருளுக்கு இந்தச் சொல் எப்படி நகர்ந்தது என்று புரிந்துவிடும். இழைப்புளி போடாத பலகை ரஃப். இழைத்து முடிக்காத கட்டுரையும் ரஃப்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொரசொரப்பின் வகைகளைப் பிரித்துச் சொல்வதில் தமிழ் ஆங்கிலத்தைவிட ஒரு படி நுணுக்கமானது. அகராதியைத் திறந்து ‘ரஃப்: சொரசொரப்பான, கரடுமுரடான, முரட்டுத்தனமான’ என்று வரிசையாக எழுதிப் போட்டால் மாணவர் குழம்புகிறார். அவர்கள் வீட்டில் பேசும் தமிழையே முதலில் பிரித்துக் காட்டினால் குழப்பம் குறைகிறது. சுவரும் உப்புத்தாளும் சொரசொர. அடைக்கு அரைக்கும் மாவு கொரகொர. இது பரப்பைப் பற்றியது அன்று, துகளின் பருமனைப் பற்றியது. ஆங்கிலத்தில் இதற்கு ‘கோர்ஸ்’ என்பதே பொருத்தம், ரஃப் என்றால் சற்று இடிக்கும். சோற்றில் மண் இருந்தால் பல்லில் நறநற, அது ‘கிரிட்டி’. சளி பிடித்த தொண்டை கரகர. அங்கே ரஃப் வரலாம், ‘ஹோர்ஸ்’ என்பது இன்னும் சரி. பாதை என்றால் கரடுமுரடு, ரஃப் ரோடு. வெட்டிய தகரத்தின் ஓரத்தில் பிசிறு, ரஃப் எட்ஜ்.

‘அடை மாவை எப்படி அரைக்கணும்?’ என்று கேட்டபோது வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘கொரகொரன்னு’ என்றது. இந்த வேறுபாட்டை நான் கற்றுத்தரவில்லை, அவர்களிடமே இருந்தது. ஆங்கிலச் சொல்லை அதன் பக்கத்தில் வைத்ததுதான் என் வேலை. சொர, கொர, நற என்று தனித்தனியே பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவிகள் இவை; தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இவற்றுக்கு ஒரு விதியே உண்டு. தமிழாசிரியர் இதை நடத்தும் வாரத்தில் ஆங்கில ஆசிரியர் தொடுவுணர்ச்சிச் சொற்களை நடத்தினால் இருவருக்கும் வேலை பாதியாகும். எங்கள் பள்ளியில் ஒருமுறை அப்படிச் செய்தோம். ஆங்கிலத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் அன்று நிறையப் பேசினார்கள்.

ரஃப் என்றாலே குறை என்ற எண்ணத்தையும் இங்கேயே தளர்த்திவிடலாம். அம்மிக்கல் தேய்ந்து வழவழப்பானால் மிளகாய் அரைபடாது. ‘அம்மி கொத்தலையோ, அம்மி’ என்று தெருவில் குரல் கொடுத்து வந்தவர்கள், உளியால் கொத்தி அதற்குச் சொரசொரப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். செருப்பின் அடிப்பாகம், வண்டிச் சக்கரத்தின் டயர், தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டை எல்லாவற்றுக்கும் சொரசொரப்பு வேண்டும். உராய்வுப் பாடத்தில் ‘உராய்வு ஒரு தேவையான தீமை’ என்று எழுத வைக்கிறோமே, அதற்கு அம்மியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எண்டோபிளாச வலைக்கு வருவோம். சவ்வின்மேல் ரைபோசோம்கள் மணிமணியாக ஒட்டியிருப்பதால் நுண்ணோக்கியில் அது சொரசொரப்பாகத் தெரிகிறது. பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். மிக்சர் தூவிய தட்டு என்றேன். அதன்பிறகு ரஃப் எது, ஸ்மூத் எது என்று யாரும் மாற்றி எழுதவில்லை.

இரண்டரை மீட்டர் உயரத்தில் தொடங்கும் ஒரு சொல்

கடலோரக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் நம் நகரப் பள்ளிகள் பலவற்றில் இருக்கிறார்கள். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வம்பாக்கீரப்பாளையம் என்று எங்கிருந்து வந்தாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அவர்கள் வீட்டுப் பேச்சு முழுவதும் வானிலைதான். ஒருநாள் செய்தித்தாளில் வந்த மீனவர் எச்சரிக்கையின் ஆங்கில வடிவத்தை வகுப்பில் படிக்கக் கொடுத்தேன். கடல் ‘ரஃப் டு வெரி ரஃப்’ என்று இருக்கும் என அதில் ஒரு வரி. ஒரு மாணவி எழுந்து, ‘கடல் சொரசொரப்பாகவும் மிகவும் சொரசொரப்பாகவும் இருக்கும்’ என்று மொழிபெயர்த்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் அகராதிப்படி சரியாகத்தான் சொன்னாள். அவள் அப்பா கட்டுமரத்தில் போய்வருபவர். கடல் எப்போது எப்படி இருக்கும் என்று அந்த வகுப்பிலேயே நன்றாக அறிந்தவள் அவள். அந்த அறிவுக்கும் இந்த ஆங்கில வரிக்கும் நடுவே ஒரு பாலம் இல்லை, அவ்வளவே. “உங்க அப்பா கடல் இப்படி இருந்தா என்னன்னு சொல்வாரு?” என்று கேட்டதும், “கொந்தளிப்பா இருக்குது, போகக்கூடாதுன்னு சொல்வாரு மிஸ்” என்றாள். அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

வானிலைத் துறையின் மொழியில் ரஃப் என்பது ஏதோ பொத்தாம்பொதுவான வருணனை அன்று. உலக வானிலை அமைப்பின் கடல்நிலை அட்டவணையில் 0 முதல் 9 வரை பத்து நிலைகள் உண்டு. அலையே இல்லாமல் கண்ணாடிபோல் கிடப்பது 0. அலை 0.1 முதல் 0.5 மீட்டர் வரை என்றால் ‘ஸ்மூத்’, 1.25 மீட்டர் வரை ‘ஸ்லைட்’, 2.5 மீட்டர் வரை ‘மாடரேட்’, 2.5 முதல் 4 மீட்டர் வரை ‘ரஃப்’. 4 முதல் 6 மீட்டர் வரை ‘வெரி ரஃப்’. அதற்கு மேல் ‘ஹை’, ‘வெரி ஹை’. 14 மீட்டரைத் தாண்டினால் ‘ஃபினாமினல்’. கண்ணாடி, வழவழப்பு, சொரசொரப்பு என்று இந்த அட்டவணையில் மேற்பரப்பைச் சொல்லும் சொற்களும் கலந்திருக்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கடல் ஒரு மேற்பரப்பு. அதனால் மேற்பரப்பைச் சொல்லும் சொல் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

மீட்டர்க் கணக்கைச் சொல்லிவிட்டு வகுப்பறைக் கதவைக் காட்டினேன். கதவின் உயரம் சுமார் 2 மீட்டர். கதவைவிட உயரமாக எழும் அலையிலிருந்துதான் ரஃப் என்ற சொல்லே தொடங்குகிறது. பிள்ளைகள் கதவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலை அவர்கள் கண்டதில்லை. 2024 நவம்பர் 30 இரவு நம் ஊருக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சலை எல்லோரும் கண்டவர்கள். எச்சரிக்கையில் ‘ரஃப்’ என்று படித்துவிட்டு ‘கொஞ்சம் அலை அடிக்கும்போல’ என்று நினைத்துக்கொள்வதற்கும், கதவுயர அலை என்று அறிந்துகொள்வதற்கும் இடையில் ஒரு படகு நிற்கிறது. கைப்பேசியில் வரும் ஆங்கிலச் செய்தியை வீட்டில் படித்துச் சொல்வது பல குடும்பங்களில் இந்தப் பிள்ளைகள்தாம்.

புதுச்சேரிக்கு இந்தச் சொல்லோடு பழைய உறவும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே கப்பல் வந்து ஒட்டி நிற்கத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, சரக்கும் மனிதரும் அலைகளைத் தாண்டிச் சலங்குகளில் கரைக்கு வந்தார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கரடுமுரடான கடலுக்கு இறுக்கமான படகு ஒத்துவராது என்று கண்டவர்கள் நம் கரையோர மக்கள். சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதைத் தொடரலாம்.

எதிர்ச்சொல் எது?

வினாத்தாள்களில் ‘ரஃப்’ என்ற சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பது நம் வழக்கம். விடைக்குறிப்பில் ‘ஸ்மூத்’ என்று இருக்கும். ஒரு மாணவி ‘காம்’ என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் சுழித்துவிட்டேன். அவள் மனத்தில் கடல் இருந்திருக்கும். ரஃப் ஆன கடலுக்கு எதிர் ‘காம்’ தானே? நோட்டுக்கு எதிர் ‘ஃபேர்’. கணக்கீட்டுக்கு எதிர் ‘எக்ஸாக்ட்’. குழந்தையைக் கையாளும் விதம் என்றால் ‘ஜென்டில்’. பலகைக்கும் சுவருக்கும் மட்டும்தான் ‘ஸ்மூத்’. வாக்கியம் இல்லாமல் எதிர்ச்சொல் கேட்பது நியாயமற்ற வினா என்பது இப்போது என் உறுதியான கருத்து. சக ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ‘திருத்துறது கஷ்டமாயிடும்’ என்பார்கள். கஷ்டம்தான்.

ஆனால் இதே சிக்கலைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தினால் மிக எளிதாக இருக்கிறது. சொல்லின் பொருளை விளக்காதீர்கள். ஐந்து பெயர்ச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் முன்னும் ரஃப் என்று போட்டு, ‘இது அப்படி இல்லாவிட்டால் எப்படி இருக்கும்?’ என்று தமிழில் கேளுங்கள். சுவர் வழவழப்பாக இருக்கும், கடல் அமைதியாக இருக்கும், நோட்டு நேர்த்தியாக இருக்கும், கணக்கு துல்லியமாக இருக்கும், கை மென்மையாக இருக்கும் என்று அவர்களே சொல்வார்கள். எதிர்ப்பொருள் வந்த பிறகு பொருள் தானே வந்து நிற்கும்.

‘லி’ சேர்த்து ‘ரஃப்லி’ ஆக்கினால் இன்னொரு கிளை. எண்ணுக்கு முன் வந்தால் சுமார், தோராயமாக. செயலோடு வந்தால் முரட்டுத்தனமாக. ‘ரஃப்லி ஐம்பது பேர்’ என்றால் ஐம்பது முரடர்கள் என்று பொருளன்று. இதைச் சொன்னதும் சிரிக்கிறார்கள், சிரித்தபின் மறப்பதில்லை. ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று சினிமாவிலும் தெருவிலும் பாராட்டாகப் புழங்குவதையும் அவர்களே எடுத்துக்காட்டினார்கள். அங்கே முரட்டுத்தனம் வீரமாகிவிடுகிறது. வீடின்றித் தெருவோரத்தில் படுத்துறங்குவதை ஆங்கிலேயர் ‘ஸ்லீப் ரஃப்’ என்பார்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு இது போதும்.

வடிவியலில் ‘ரஃப் டயகிராம்’ என்பதைத் தமிழ்வழிப் பாடநூல்கள் ‘உதவிப்படம்’ என்று சொல்லின. அந்தச் சொல்லை ஆக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. சொரசொரப்பான படம் என்றோ அரைகுறைப் படம் என்றோ எழுதாமல், அந்தப் படம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். பிரெஞ்சில் வேறு மாதிரி. 1826-இல் தொடங்கி இன்றும் நடக்கும் நம் ஊர் லிசே பிரான்சேயில் படித்த பெரியவர்களைக் கேட்டால், ரஃப் நோட்டுக்கு ‘புரூயோன்’ நோட்டு என்பார்கள். அதன் வேர் கலக்குதல், குழப்புதல் என்று பொருள்படும் வினைச்சொல். மூடுபனிக்கும், முட்டையை அடித்துக் கலக்கிச் செய்யும் பண்டத்துக்கும் அதே குடும்பத்துச் சொற்கள்தாம். ஆக, ஆங்கிலேயனுக்கு அது இழைக்காத பலகை. பிரெஞ்சுக்காரனுக்குக் கலங்கிய முட்டைப் பொடிமாஸ். தமிழ்க் கணக்காசிரியருக்கு உதவி. மூன்றில் எனக்குப் பிடித்தது எது என்று சொல்லத் தேவையில்லை.

எழுத்துக்கூட்டலில் ஓர் ஆய்தம்

‘ரப் நோட்’ எழுதிய பையனுக்கு எழுத்துக்கூட்டலைச் சொன்னபோது, ஆர், ஓ, யூ, ஜி, எச் என்ற ஐந்து எழுத்துகளில் ‘ஃப்’ எங்கே இருக்கிறது என்று கேட்டான். நியாயமான கேள்வி. ‘அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு’ என்று பத்தாண்டுகளுக்கு முன் நான் சொல்லியிருப்பேன்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் இறுதியில் தொண்டையிலிருந்து உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. அதை எழுதத்தான் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகளைப் பிற்காலத்தில் பயன்படுத்தினார்கள். ‘அஃது’ என்று சொல்லும்போது வரும் ஆய்தத்தை ஏறத்தாழ அதற்கு ஒப்பிடலாம். காலப்போக்கில் ஆங்கிலேயர் நாக்கிலிருந்து அந்த ஒலி மறைந்தது. சில சொற்களில் அது ‘ஃப்’ ஆயிற்று: ரஃப், டஃப், இனஃப், காஃப். சில சொற்களில் ஒலியே இல்லாமல் போயிற்று: தோ, த்ரூ, தாட், டோ. எழுத்து மட்டும் பழைய வீட்டின் பெயர்ப்பலகைபோல் மாறாமல் நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியிலும் இதே சொல் உண்டு. அங்கேயும் கடைசியில் ஒலிக்காத ஒரு எச் இருந்தது, 1996-இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து அதை நீக்கிவிட்டார்கள். ஆங்கிலேயர் நீக்கவில்லை.

நமக்கு இதில் ஒரு வேடிக்கையான வசதி இருக்கிறது. பழைய ஒலிக்கு ஒப்பாகச் சொல்ல நம்மிடம் ஆய்தம் இருக்கிறது. புதிய ஒலியை ‘ரஃப்’ என்று எழுதவும் அதே ஆய்தம் வேண்டியிருக்கிறது. ‘ஆய்தம் எங்கே வருகிறதோ அங்கே ஜி, எச்’ என்று இந்த நான்கு சொற்களுக்கு ஒரு நினைவுக்குறி கொடுத்தேன். ‘ஆஃப்’, ‘இஃப்’ முதலியவற்றுக்கு இது பொருந்தாது, எனவே எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள்.

ஒரு மதிப்பீட்டு அட்டை

இதை எழுதத் தூண்டிய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்தேன். மதிப்பீட்டு அட்டையில் குறிப்பு எழுதும் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. கையெழுத்து ஒழுங்கில்லாத ஒரு பையனுக்கு ‘ரஃப்’ என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினேன். வேலை நேர்த்தியாக இல்லை என்பது நான் கருதியது. அவன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் யாரிடமோ காட்டியிருக்கிறார். ‘உன் பையன் பள்ளிக்கூடத்துல முரட்டுத்தனம் பண்றானாம்’ என்று அவர் படித்துச் சொல்லியிருக்கிறார். அவர் படித்ததும் தவறில்லை. மனிதரைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லுக்கு அதுதான் முதற்பொருள். மறுநாள் பையன் முழங்கைக்குமேல் தடிப்போடு வந்தான். யாரையும் கை ஓங்காத, வாயே திறக்காத பையன்.

மாலையில் அவன் வீட்டுக்குப் போய் விளக்கினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை உள்ளிருந்து எடுத்து வந்து, “இதுல சரியா எழுதிக் குடுங்கம்மா” என்று மட்டும் கேட்டார். அடித்துவிட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: ‘நல்ல பையன். கையெழுத்தில் கவனம் தேவை.’ அன்றிலிருந்து பெற்றோர் பார்க்கும் எந்தத் தாளிலும் தமிழில்தான் குறிப்பு எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியே ஆக வேண்டிய படிவம் என்றால், ‘ஹிஸ் ஹேண்ட்ரைட்டிங் இஸ் அன்டைடி’ என்று எதைச் சொல்கிறேனோ அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பையில் கை விட்டு

வகுப்பில் செய்து பார்க்க விரும்புவோருக்கு, நான் செய்வது இது. ஒரு துணிப்பையில் உப்புத்தாள், பாகற்காய், சிப்பி, தேங்காய் நார், பட்டுத் துணி, எவர்சில்வர் கரண்டி, ரவை கட்டிய சிறு பொட்டலம், கூழாங்கல் போடுங்கள். ஒருவர் கண்ணை மூடிக் கை விட்டு, பொருளின் பெயரைச் சொல்லாமல் தொட்டால் எப்படி இருக்கிறது என்று மட்டும் தமிழில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் ஆங்கிலச் சொல். முதல் சுற்றை விட்டுவிட்டு நேராக இரண்டாம் சுற்றுக்குப் போய்விடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன், எல்லாப் பொருளும் ‘ரஃப்’, ‘ஸ்மூத்’ என்ற இரண்டே சொல்லுக்குள் முடங்கிவிட்டது.

வாய்ப்பிருந்தால் காகிதங்களையும் சேர்க்கலாம். 1959 முதல் நம் நகரில் இயங்கிவரும் ஆசிரமக் கைக்காகிதத் தொழிலகத்தின் தாளையும் சாதாரண நோட்டுத் தாளையும் பக்கத்தில் வைத்துத் தடவச் சொன்னால் வேறுபாடு உடனே விரலுக்குத் தெரியும். நீர்வண்ண ஓவியர்கள் வாங்கும் தாளில் ‘ரஃப்’ என்பது ஒரு வகையின் பெயராகவே இருக்கிறது. அந்தச் சொரசொரப்பில் வண்ணம் தங்கும் என்று விரும்பி வாங்குகிறார்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. தேய்க்காத பகுதியும் தேய்த்த பகுதியும் ஒரே பொருளில் இருக்கும்.

சென்ற முறை இதைச் செய்து முடித்தபோது, ‘ரப் நோட்’ எழுதிய அதே பையன் கை தூக்கினான். அவன் ஆயா வீட்டில் அம்மி இருக்கிறதாம்.

“அம்மி கொத்துறதுக்கு இங்கிலீஷ்ல என்ன மிஸ்?”

எனக்கு உடனே வரவில்லை. அகராதியை எடுத்து வரச் சொல்லி, ரஃப் இருக்கும் பக்கத்தை அவனையே பார்க்கச் சொன்னேன். கொஞ்சம் கீழே விரல் நகர்ந்து நின்றது. ‘ரஃபன்’, வினைச்சொல். சொரசொரப்பாக்கு. கரும்பலகையில் அவனே எழுதினான், ஜி, எச் இரண்டும் சரியாக: ‘ஹி ரஃபன்ஸ் த ஸ்டோன்.’